நெட்டை ஜாக்கிக்கு ஓர் இடம்

பின்கதவு வேண்டாம் என்று தவமணி மூன்று தடவை சொல்லியாயிற்று. சிக்கந்தர் பாய் அதற்குள் பின்கதவில் சாக்கட்டியால் இரண்டு கோடு இழுத்துவிட்டார். மனுசனுக்குக் காதெல்லாம் நன்றாகத்தான் கேட்கிறது, ரோட்டில் போகிற பஸ் எந்த ஊர் பஸ் என்று முதுகைக் காட்டிக்கொண்டே சொல்வார், பொம்பளை பேசும்போது மட்டும் வெல்டிங் சத்தம் வந்து அடைத்துக்கொள்ளும் போலிருக்கிறது. "போடியில ஓடுற அம்புட்டு ஜீப்புலயும் நெட்ட ஜாக்கி ஸ்டெப்னிக்குப் பக்கத்துலதான் நிக்குது தங்கச்சி. நாம மட்டும் என்னத்தப் புதுசாக் கண்டுபிடிக்கப் போறோம்?" என்றார். கண்டுபிடிக்க வேண்டாம், எடுக்கிற மாதிரி இருந்தால் போதும் என்று வாய்வரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள். மணி மூன்று ஆகப் போகிறது. நாளைக்கு ஆயுத பூசை, பட்டறை வேலை கிடையாது. நாளை மறுநாள் விடிந்ததும் இந்த ஜீப்பில் பதினோரு பொம்பளைகளை ஏற்றிக்கொண்டு ஏலத்தோட்டத்துக்கு மலையேற வேண்டும், அவளே ஓட்டி, முதல் தடவையாக. அதற்குள் இந்த ஜாக்கிக்கு ஓர் இடம் வேண்டும். ஜீப்பை விட்டு எங்கேயும் போகாத இடம், ஆனால் கையை நீட்டினால் வந்துவிடுகிற இடம். ஒரு ஜீப்பில் அப்படி ஓர் இடம் எங்கேதான் இருக்கிறது? ஜாக்கி பட்டறைச் சுவரோரம் சாய்ந்து நின்றது. நாலடி இரும்புப் பட்டை, உடம்பெல்லாம் ஓட்டை, அந்த ஓட்டைகளைப் பிடித்துப் பிடித்து மேலே ஏறுகிற ஒரு மூக்கு, பக்கத்தில் நீளமாய் ஒரு கைப்பிடி. ஏலக்காய்க் கடைத் தராசில் ஏற்றிப் பார்த்தாள், பதினாலு கிலோ இருநூறு. அவள் மார்பு உயரம் இருக்கும். ஒன்றும் நடக்காத மாதிரி, ஒன்றும் தெரியாத மாதிரி நிற்கிறது பார், கல்லுளிமங்கன்.

பின்கதவில் மாட்டினால் அதன் கனமெல்லாம் மேலே நெற்றிக்கு நேராய் வந்துவிடும், அதை இவர்கள் யாரும் யோசிப்பதில்லை, ஏனென்றால் இவர்களுடைய நெற்றி வேறு உயரத்தில் இருக்கிறது. காலையில் ஜீப் ஸ்டாண்டில் டிரைவர் வீரணனுடைய ஜீப்பில் மாட்டியிருந்ததைத் தூக்கிப் பார்த்தாள். கொக்கியிலிருந்து விடுபட்டதும் பதினாலு கிலோவும் ஒரே நேரத்தில் அவள் மேல் சாய்ந்தது, பின்னாலே நடந்து நடந்து போய்ப் பொத்தென்று உட்கார்ந்துவிட்டாள், மடியில் ஜாக்கி, குழந்தையைப் போட்டுக்கொண்ட மாதிரி. நாலு டிரைவர்கள் சிரித்தார்கள். சிரிக்கட்டும், பல் இருக்கிறவன் சிரிக்கிறான். ஆனால் அந்த மண்ணில் உட்கார்ந்தபடி அவள் மழையை நினைத்தாள், வழுக்குகிற களிமண்ணை நினைத்தாள், பின்சக்கரம் தண்ணிக்குழியில் இறங்கி ஜீப்பின் முதுகு மண்சுவரில் போய் ஒட்டிக்கொண்டால் பின்கதவை யார் திறப்பது, எந்த வழியாகப் போய் எடுப்பது என்று நினைத்தாள். நினைத்தால் அதோடு நிற்கிறதா? உடனே அந்த வளைவு வந்துவிடும். கரடிப்பாறை வளைவு. இத்தனைக்கும் அன்றைக்கு அவள் அங்கே இல்லை, வீட்டில் பொரியும் கடலையும் தட்டில் பிரித்து வைத்துக்கொண்டிருந்தாள், பார்க்காத இடம் பார்த்த இடத்தைவிடத் தெளிவாகக் கண்ணில் நிற்கிறது, இதென்ன கூத்து. "பாய், பின்கதவு வேணாம். அந்தக் கோட்ட அழிங்க," என்றாள் நாலாவது தடவையாக, இந்தத் தடவை கொஞ்சம் சத்தமாக. பாய் கண்ணாடியை நெற்றிக்குத் தள்ளி அவளைப் பார்த்தார். துணியை எடுத்துக் கோட்டை அழித்தார்.

அப்போது பார்த்து வீரணன் வந்தான், யாரும் கூப்பிடாமல், கையில் டீயோடு. ஸ்டாண்டில் வண்டி ஓட்டுகிறவன், அவள் புருசன் ராசாங்கத்தை அண்ணன் என்பான், இவளை மதினி என்பான். "மதினி, மேல கேரியர்ல படுக்கப் போட்டு ரெண்டு பெல்ட்டு கட்டிருங்க, சோலி முடிஞ்சது. களி தெறிக்காது, கண்ணுக்கு மறைக்காது, கெத்தா இருக்கும்." கெத்து! அவளுக்குச் சுருக்கென்றது. கேரியரில் ஏற வேண்டுமென்றால் ஸ்டெப்னியில் கால் வைத்து, மூட்டையைப் பிடித்து, சேலையைச் செருகிக்கொண்டு ஏற வேண்டும், கீழே ஒருத்தர் கால் நசுங்கிக் கத்திக்கொண்டிருக்கும்போது மேலே நின்று பெல்ட்டு கழற்ற வேண்டும், போடா உன் கெத்தும் நீயும். அவனைத் திட்டவும் வாய் வரவில்லை. இவன்தானே அன்றைக்கு ராசாங்கத்தைக் கண்டுபிடித்தவன். போன வருசம் ஆயுத பூசையன்று மத்தியானம், எஸ்டேட் லயத்து வீட்டில் காவக்காரருக்கு நெஞ்சுவலி, உடனே ஜீப் வேண்டும் என்று போன் வந்தது. ராசாங்கம் ஒற்றையாய்ப் புறப்பட்டுப் போனார். கரடிப்பாறை வளைவில் பின்சக்கரம் குழியில் இறங்கியது, கை பிரேக் நம்புகிற மாதிரி இல்லை, இறங்கி வந்து இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் கல் வைத்தார். கல்லை வைத்த கை எடுப்பதற்குள் ஜீப் ஒரு சாண் பின்னால் வந்தது. ஒரே ஒரு சாண். சக்கரம் அவருடைய கெண்டைக்கால் மேல் ஏறி, அவர் வைத்த கல்லிலேயே முட்டி நின்றுவிட்டது. ஒன்றே முக்கால் மணி நேரம் அந்தக் களியில் மழைக்குள் உட்கார்ந்திருந்தார், போனில் டவர் இல்லை. அவர் வரவில்லை என்றதும் காவக்காரரை, பூசைக்கென்று மேலே போயிருந்த வீரணன் தன் ஜீப்பில் ஏற்றிக்கொண்டு இறங்கினான், அப்போதுதான் பார்த்தான். பார்த்தவன் ஓடிப்போய்த் தன் பின்கதவில் கை வைத்திருக்கிறான், ஜாக்கியை எடுக்க. வெறும் கொக்கிதான் இருந்தது. அவனுடைய ஜாக்கியும் பூசையில் இருந்தது. மலையில் அன்றைக்கு ஓடிய ரெண்டு ஜீப்பிலும் ஜாக்கி இல்லை. கூட வந்தவர்களோடு சேர்ந்து அஞ்சு பேர் கையாலேயே ஜீப்பைத் தூக்கினார்கள். காவக்காரர் பிழைத்துக்கொண்டார், பொங்கலுக்கு ஒரு பை ஏலக்காய் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டு அழுதார். ராசாங்கத்துக்கு முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

யார் எடுத்து வைத்தது ஜாக்கியைப் பூசையில்? கேள்வி இங்கேதான் வந்து சிக்கும், எந்தப் பக்கம் சுற்றினாலும் கடைசியில் இங்கேதான். ஜீப்பில் அதற்கென்று இடமே இல்லாமல் பின்சீட்டுக்குக் கீழே சும்மா கிடந்தது, அவள்தான் இழுத்து வெளியே போட்டாள், சோப்புத்தூள் போட்டுத் தேய்த்தாள், ஓட்டை ஓட்டையாய்க் குச்சி விட்டு மண்ணெடுத்தாள், கிரீஸ் போக வேண்டுமே என்று சீயக்காய்கூடப் போட்டாள். ஸ்பேனர், பானா, குட்டி ஜாக்கி, நெட்டை ஜாக்கி எல்லாவற்றையும் படத்துக்கு முன்னால் வாழையிலையில் வரிசையாய் வைத்து, சந்தனம் பூசி, குங்குமம் வைத்து, நெட்டை ஜாக்கிக்கு மட்டும் மூக்கில் ஒரு செவ்வந்திப் பூ செருகினாள், பார்க்க லட்சணமாய் இருந்தது என்று தானே சிரித்தாள். போன் வந்து ராசாங்கம் சாவியை எடுத்தவர் பூசை இடத்தைப் பார்த்து ஒரு நொடி நின்றார். "மாமா, பூசையில வச்சத இன்னிக்கு எடுக்கக் கூடாது. சாமிக்கு வச்சாச்சு. நாளைக்கு எடுத்துக்கலாம்," என்று சொன்னது யார் வாய்? இந்த வாய். ஜீப்பும்தானே பூசையில் இருந்தது, அதற்கும்தானே மாலை போட்டு, வாழைக்கன்று கட்டி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்திருந்தாள், அதை எடுக்கலாம், ஜாக்கியை எடுக்கக் கூடாதா, இது எந்த ஊர் நியாயம்? அந்த நேரத்துக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஊரே அப்படித்தான் செய்தது. ஊரே செய்தது என்றால் ஊரில் பாதிப்பேருக்குக் கால் போயிருக்க வேண்டாமா, போனது என் வீட்டுக் கால். ஆசுபத்திரியில் ஒரே ஒரு தடவை அவர் சொன்னார், அவளைப் பார்த்துக்கூட இல்லை, மேலே சுற்றுகிற ஃபேனைப் பார்த்து: "கைக்கு எட்டுற தூரத்துல ஜாக்கி இருந்திருந்தா நானே ஏத்திக் கால உருவியிருப்பேன்." அவ்வளவுதான். அதற்குப் பிறகு ஒரு வருசமாய் அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. திட்டியிருந்தால் தேவலை. ரெண்டு அறை விட்டிருந்தால்கூட வலித்து ஆறியிருக்கும். சாப்பிட்டியா என்று கேட்கிறார், கிளச்சை மெதுவா விடு என்று சொல்லிக்கொடுக்கிறார், இல்லாத காலில் அரிக்கிறது என்று வெறும் காற்றைச் சொறிகிறார், அந்த வார்த்தையை மட்டும் சொல்ல மாட்டேன் என்கிறார். அவளும் கேட்க மாட்டாள். நடுவில் அந்த ஜாக்கி, ஒரு வருசமாய் வீட்டுக்குப் பின்னால் தகரத்துக்கு அடியில் கிடந்தது. சந்தனம் அப்படியே காய்ந்து ஓட்டைக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. முந்தாநாள்தான் கம்பித்துண்டு வைத்துச் சுரண்டி எடுத்தாள்.

சரி, அழுகிற நேரமா இது, இடத்தைப் பார் தவமணி. உள்ளே தரையில்? பழையபடி சீட்டுக்குக் கீழேயா? பதினோரு பேர், இருபத்திரண்டு கால், தூக்குச்சட்டி, கூடை, வெற்றிலைப் பை, மழைக்காகிதம், அத்தனையும் இறங்கினால்தான் ஜாக்கி வெளியே வரும். அதுவுமில்லாமல் ஜீப் கவிழ்ந்தால் உள்ளே ஒரு பதினாலு கிலோ இரும்பு துள்ளிக் குதித்து யார் மண்டையில் இறங்கும்? வேண்டாம், அதை நினைக்கவே கூடாது, நினைத்தாயிற்று, அந்தப் பதினோரு பேர் மண்டையும் வரிசையாய் வந்து நிற்கிறது, எண்ணெய் வைத்து வகிடெடுத்துப் பூ வைத்த மண்டைகள், ஐயோ வேண்டாம். பானட் மேல்? ஏற்கெனவே குஷன் போட்டு உட்கார்ந்துதான் ரோடு தெரிகிறது, அதற்கு மேல் ஒரு இரும்புத் தடியா, நல்ல கதை. பம்பரில் குறுக்கே? அது ஆகும் போலத்தான் இருக்கிறது, இடுப்பு உயரம்கூட இல்லை, எடுப்பது சுலபம். பாய்கூடத் தலையாட்டினார், "பம்பர்னா ரெண்டு ஆங்கிள், நாலு போல்ட்டு, அரை மணி நேர வேலை." ஆனால் ராசாங்கம் உட்கார்ந்திருந்தது முன்சக்கரத்துக்குப் பின்னால். அங்கிருந்து பம்பர் எவ்வளவு தூரம்? அவள் போய் அந்த இடத்தில் நின்றாள், குனிந்தாள், சக்கரத்தைத் தாண்டிக் கையை நீட்டிப் பார்த்தாள். எட்டாது. நின்றுகொண்டு பார்த்தால் ரெண்டு எட்டுதான், உட்கார்ந்துகொண்டு பார்த்தால் அடுத்த ஊர். இந்த ஊரில் ஜாக்கி மாட்டுகிறவன் எல்லாம் நிற்கிறவனுக்குத்தான் மாட்டுகிறான், கேட்கிறவனும் நின்றுகொண்டேதான் கேட்கிறான். கீழே கிடக்கிறவனைக் கேட்டு யார் மாட்டியிருக்கிறார்கள்?

அப்படியென்றால் பக்கவாட்டில். கீழே, ஃபுட்போர்டு ஓரமாக, படுக்கையாக. முன்சக்கரத்துக்கும் பின்சக்கரத்துக்கும் நடுவில் நாலடி தாராளமாய்க் கிடக்கிறது, முன்னால் மாட்டினவனுக்கும் எட்டும், பின்னால் மாட்டினவனுக்கும் எட்டும். சரிதான், ஆனால் எந்தப் பக்கம்? வலது பக்கம் என்றதும் பாய் ரெண்டு கையையும் தூக்கிவிட்டார், "டீசல் டேங்கு அங்கதான் இருக்கு, அங்கிட்டு நான் தீயக் கொண்டுபோக மாட்டேன் தங்கச்சி, எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்கு." இடது பக்கம் என்றால் வீரணன் விடமாட்டேன் என்கிறான், "மதினி, கரடிப்பாறையில இடது பக்கம் மண்சுவர். சறுக்குனா சுவத்துல போய்த்தான் சாத்தணும், சாத்துனா ஜாக்கி சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டிக்கும்." அவன் சொல்வதும் நிசம். ஆனால் அதற்கு அடுத்த வளைவில் மண்சுவர் வலது பக்கம் வந்துவிடுகிறது, அதற்கடுத்ததில் திரும்ப இடது, பதினேழு வளைவு, மலை ஒவ்வொரு வளைவுக்கும் தோளை மாற்றிக்கொள்கிறது, இறங்கும்போது எல்லாம் தலைகீழ். நாலு சக்கரம், ஒரு ஜாக்கி. இடது முன்சக்கரத்துக்கு என்று நான் மாட்டுவேன், அடுத்த தடவை வலது பின்சக்கரமாய் வரும். வரும் என்று தெரிந்தால் அங்கே மாட்டுவேன், அது தெரிந்து இன்னொன்றாய் வரும். அவள் ஜீப்பைச் சுற்றி நடந்தாள். ஒரு சுற்று, ரெண்டு சுற்று. குனிந்து பார்த்தாள், நிமிர்ந்தாள், மூன்றாவது சுற்று. "என்ன தங்கச்சி, கோயில் கணக்கா சுத்துற? தேங்கா ஒடைக்கவா?" என்று பாய் கேட்டார், வீரணன் டீயை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினான். அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நாலு ஜாக்கி வாங்கி நாலு பக்கம் மாட்டலாமா? பைத்தியமே, அப்போது ஜீப்பை எங்கே வைப்பாய்? ஒரு பேச்சுக்கு, ஜாக்கியே இல்லாமல் போனால்? மற்றவர்கள் வருகிறவரை காத்திருந்தால்? ஒன்றே முக்கால் மணி நேரம். அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தில் அவர் என்னவெல்லாம் நினைத்திருப்பார்? மழையில் சந்தன வாசனை வந்திருக்குமா? வீட்டில் இலை போட்டு உட்கார்ந்திருக்கிற ஜாக்கி கண்ணில் வந்திருக்குமா, மூக்கில் செவ்வந்திப் பூவோடு?

மூன்றாவது சுற்றில் இடது பக்கம் வந்தபோது கால் நின்றுவிட்டது. தேடுகிறதே தப்பு என்று அவளுக்குத் தோன்றியது. எல்லாச் சக்கரத்துக்கும் எட்டுகிற இடம் என்று ஒன்று இல்லவே இல்லை, இருந்திருந்தால் இத்தனை வருசத்தில் எவனாவது அங்கே மாட்டியிருப்பான். சக்கரம் எங்கே மாட்டும் என்பது என் கையில் இல்லை. நான் எங்கே இறங்குவேன், எங்கே கையை நீட்டுவேன், எங்கே கல் வைப்பேன் என்பது என் கையில் இருக்கிறது. யாருக்கும் வழிவிடாமல் அந்த நினைப்பு நேராய் வந்து உட்கார்ந்துகொண்டது. "பாய், இடது பக்கம். ஃபுட்போர்டு மேல, படுக்கையா. இனிமே நான் கல் வச்சா இந்தப் பக்கந்தான் வைப்பேன். ஜாக்கி இல்லாத பக்கம் கையவும் நீட்ட மாட்டேன், காலவும் வைக்க மாட்டேன். யாரையும் வைக்க விடவும் மாட்டேன்," என்றாள். வீரணன் வாயைத் திறப்பதற்குள் அவளே முந்திக்கொண்டாள். "சுவத்துல சாத்துனா வலது பக்கம் நான் சும்மாதான நிப்பேன், யார் காலும் மாட்டாதுல்ல? அப்பப் பொறுமையா மண்ண வெட்டி எடுத்துக்கலாம். ஆள் மாட்டுனாத்தான் அவசரம் வீரணா. இரும்பு மாட்டுனா அவசரமில்ல." வீரணன் டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு வெறுங் கொக்கியத்தான் புடிச்சேன் மதினி," என்றான். "தெரியும்," என்றாள் அவள். அவனுக்கும் ஒரு வருசம் ஆகியிருக்கிறது.

பாய் இரும்புப் பட்டை வெட்டினார், ரெண்டு கொண்டி வளைத்தார், தீப்பொறி பறந்தது, அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரில் ஆடுகிற வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே மாட்டினால் களி அடைக்கும் என்றார், லாரி டியூபை வெட்டி உறை மாதிரி போடுங்கள் என்றாள். மூக்கு துருப்பிடித்துக்கொள்ளும் என்றார், வாராவாரம் ஞாயிற்றுக்கிழமை டீசல் ஊற்றிக் கழுவி எண்ணெய் போட்டுக் குளிப்பாட்டுகிறேன், பிள்ளை வளர்க்கிற மாதிரி வளர்க்கிறேன், போதுமா என்றாள். பூட்டு போட ஒரு காது வைக்கட்டுமா, ஸ்டாண்டில் திருட்டுப் பயல்கள் அதிகம் என்றார். பூட்டா? பூட்டென்றால் சாவி, சாவியென்றால் அது ஒருநாள் வேறு சேலை முந்தானையில் இருக்கும், ஒருநாள் சாமி படத்துக்குப் பின்னால் இருக்கும், வேண்டவே வேண்டாம். "கையாலேயே திருகுற நட்டுப் போடுங்க பாய், ரெண்டு காது வச்சது. திருடுறவன் திருடிட்டுப் போகட்டும். அன்னிக்கு வண்டி எடுக்க மாட்டேன், அம்புட்டுத்தான்." பாய் அவளை ஒரு தடவை நின்று பார்த்தார், ஏதோ முனகிக்கொண்டே நட்டு டப்பாவைக் கவிழ்த்தார். சூடு ஆறியதும் ஜாக்கியை வைத்து ரெண்டு நட்டையும் முடுக்கினார். அவள் குந்தி உட்கார்ந்தாள். ஒன்று, ரெண்டு, நட்டு கழன்றது, அடிப்பக்கத்தைப் பிடித்து இழுத்தாள், பதினாலு கிலோவும் தானாகவே வழுக்கி மண்ணில் இறங்கியது. தூக்கவே வேண்டியிருக்கவில்லை, இறக்கினால் போதும். நிமிர்த்தினாள், ஃபுட்போர்டு விளிம்பில் மூக்கைக் கொடுத்தாள், கைப்பிடியை அழுத்தினாள், டக், டக், டக், ஜீப்பின் இடது தோள் மெல்ல எழுந்தது. கைவலி தோள்வரை ஏறியது. டயர் மண்ணைவிட்டு ஒரு விரல் எழுந்தபோது அவளுக்கு மூச்சு முட்டியது. ஒரு விரல். கால் உருவ அது போதும், ஒரு விரல் போதுமாய் இருந்திருக்கும்.

ஆட்டோ சத்தம் கேட்டுத் திரும்பினால் ராசாங்கம். வராதீங்க, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று அத்தனை தடவை சொல்லியும் வந்துவிட்டார், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, செயற்கைக் காலை ஊன்றி, கைத்தடியை வீரணனிடம் நீட்டி, "புடி," என்றார். பாயிடம் ஒன்றும் கேட்கவில்லை, அவளிடமும் கேட்கவில்லை. நேராக இடது முன்சக்கரத்துக்குப் பின்னால் போனார். "மாமா, அங்க ஈரம்," என்றாள், என்ன சொல்கிறோம் என்று தெரியாமலே. அவர் ஃபுட்போர்டைப் பிடித்துக்கொண்டு மெல்ல இறங்கி, கிரீசும் மண்ணுமாய்க் கிடந்த தரையில் உட்கார்ந்தார், செயற்கைக் காலைக் கையாலேயே தூக்கிச் சக்கரத்தை ஒட்டி வைத்தார். அந்த இடம். அவள் பார்க்காத இடம், ஒரு வருசமாய்ப் பார்த்துக்கொண்டே இருந்த இடம், இப்போது பட்டப்பகலில் போடி பட்டறையில், சிக்கந்தர் பாய் முன்னால். "ஜாக்கிய மாட்டு," என்றார். அவள் ஜீப்பை இறக்கி, ஜாக்கியை மாட்டினாள். அவர் உட்கார்ந்தவாக்கிலேயே முதுகைத் திருப்பிக் கையை நீட்டினார். பின்நட்டு விரலில் பட்டது, திருகவில்லை. இன்னும் நீட்டினார், கழுத்து நரம்பு புடைத்தது. "இன்னும் நாலு விரக்கடை முன்னால வரணும் பாய்," என்றார். பாய் கொண்டியை அறுத்து, நாலு விரக்கடை முன்னால் தள்ளித் திரும்ப ஒட்டினார். அதுவரை ராசாங்கம் எழுந்திருக்கவில்லை, அந்த இடத்திலேயே உட்கார்ந்து தீப்பொறிக்குக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திரும்ப நீட்டினார். ஒன்று, ரெண்டு. நட்டு கழன்றது. ஜாக்கி அவர் மடிக்குப் பக்கத்தில் வந்து இறங்கியது. அதன் ஓட்டைகளை விரலால் தடவிப் பார்த்தார். "எட்டுது," என்றார்.

அவளால் அதற்கு மேல் முடியவில்லை. பாய் இருக்கிறார், வீரணன் இருக்கிறான், இருக்கட்டும். "மாமா, நாந்தான எடுக்கக் கூடாதுன்னு..." என்று ஆரம்பித்தாள், வார்த்தை அங்கேயே சிக்கியது, எப்போதும் சிக்குகிற இடத்தில். ராசாங்கம் ஜாக்கியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "நீ சொன்ன. நான் வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்து பாத்தேன், உனக்குத் தெரியாது, நீ அடுப்படிக்குப் போயிட்ட. கையக்கூட வச்சேன். எல்லாம் சந்தனம். நான் போட்டிருந்தது புதுச் சட்ட, பூசைக்கு எடுத்தது. இதத் தூக்குனா சட்ட பாழாப் போயிரும், கனத்தத் தூக்கவும் சோம்பல். சரி, நீதான் சொல்லிட்டியேன்னு விட்டுட்டுப் போயிட்டேன். நீ சொன்னது எனக்குச் சவுரியமாப் போச்சு தவமணி. சாமியாவது பூசையாவது, ஒரு சட்ட." கைப்பிடியை ஒரு தடவை அசைத்துப் பார்த்தார். "உன்கிட்டச் சொன்னா நீ என்னய என்ன நெனப்பியோன்னு இருந்துட்டேன்." ஒரு வருசம்! முந்நூத்தி அறுபத்தஞ்சு நாள் இந்த மனுசன் சாப்பிட்டியா சாப்பிட்டியா என்று கேட்டுக்கொண்டு இதை வயிற்றில் வைத்திருந்திருக்கிறார், இவள் சோறு தொண்டையில் இறங்காமல் கிடந்திருக்கிறாள். அடப்பாவி மனுசா. கோபம் பொத்துக்கொண்டு வந்தது, கையிலிருந்த கிரீஸ் துணியால் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டாள், வெள்ளைச் சட்டையில் கறுப்பாய் ஒரு பட்டை விழுந்தது. "சட்ட பாழாப் போச்சு, போங்க," என்றாள், கண்ணில் தண்ணீர் கொட்டியது, துடைக்கவில்லை. அவர் சட்டையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், ஒரு வருசத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். வீரணன் ரோட்டைப் பார்த்துக்கொண்டு மூக்கை உறிஞ்சினான்.

பாய் ஜாக்கியைத் தூக்கித் திரும்பக் கொண்டியில் வைத்து, நட்டில் கையை வைத்தபடி, "நாளைக்குப் பூசைக்கு வீட்டுக்கு எடுத்துட்டுப் போவீங்கல்ல? லேசா முடுக்கி விடவா?" என்று கேட்டார். தவமணி மூக்கைத் துடைத்துக்கொண்டு, தரையில் கிடக்கிற புருசனுக்குக் கையைக் கொடுத்தாள். "நல்லா முடுக்குங்க பாய். இது எங்கயும் வராது. ஜாக்கி பதினாலு கிலோ, சாமி படம் அரைக் கிலோகூட இல்ல. படத்த ஜீப்புக்குத் தூக்கிட்டு வாரேன்," என்றாள். ராசாங்கம் அவள் கையைப் பிடித்தார், அவள் காலை அகட்டி ஊன்றி ஒரே இழுப்பில் அவரை எழுப்பி நிறுத்தினாள்.